நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப் வண்டி விவசாயிக்கு அவசியமா?

உரமும் விதையும் நிலத்திற்குக் கொண்டு செல்லவும், விளைபொருளைச் சந்தையில் சேர்க்கவும் பிக்கப் வண்டி பெரிதும் உபயோகப்பட்டு வருகிறது. புதிதாக வண்டி வாங்க உத்தேசிக்கும் நிலச்சொந்தக்காரர்கள், சாதாரண வண்டியே போதுமா, அல்லது அதிக விலை கொடுத்து ‘போர் வீல் டிரைவ்’ எனப்படும் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியை வாங்க வேண்டுமா என்று யோசிப்பதுண்டு. பெரும்பாலும் கடன் பெற்றே வண்டி வாங்கப்படுவதால், இதன் லாப நஷ்டங்களை முன்னரே ஆராய்தல் நலம்.

இயங்கும் விதம்

சாதாரண பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் என்ஜினின் சக்தி பின்சக்கரங்கள் இரண்டிற்கு மட்டுமே செல்லுகிறது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில், கியர் பெட்டியை அடுத்து மற்றொரு பெட்டி அமைந்து, வேண்டும்பொழுது முன்சக்கரங்களுக்கும் அச்சக்தியைப் பகிர்ந்தளிக்கிறது. இதில் ‘லோ’ எனப்படும் தாழ்ந்த கியரும் பெரும்பாலும் உண்டு. அதைப் போட்டால் வேகம் குறைந்து, இழுக்கும் பலம் இரண்டு மடங்கிற்கு மேல் பெருகும். 1941 முதல் யுத்த காரியங்களுக்காக ஏராளமாகச் செய்யப்பட்ட ஜீப் வண்டிகளால் இம்முறை உலகெங்கும் பிரசித்தி பெற்றது.

அனுகூலம்

சக்கரம் தரையைப் பற்றும் பலம், அதன்மேல் அமரும் பாரத்தைப் பொறுத்தது. உதாரணமாக, 1,800 கிலோ எடையுள்ள காலி வண்டியில் 1,000 கிலோ முன்னும் 800 கிலோ பின்னும் அமர்வதாகக் கொள்வோம். ஈரத்தால் வழுக்கும் பாதையில், பாரத்தில் பத்தில் மூன்று பங்களவே பிடிப்புக் கிடைக்குமானால், பின்சக்கரங்கள் மட்டும் 240 கிலோ பலத்துடன் உந்தும். நான்கும் சேர்ந்தால் 540 கிலோவாகும். ஆகையால் காலி வண்டி ஈரமான மேட்டில் ஏறும்பொழுதே இவ்வமைப்பின் பலன் மிகுதியாகத் தெரியும். பின்புறம் சுமை ஏறியபின், பின்சக்கரங்களின் பிடிப்பும் கூடுவதால், கெட்டியான தரையில் இவ்வித்தியாசம் ஓரளவு குறையும்.

தவறான நம்பிக்கைகள்

நான்கு சக்கர இயக்கம் வண்டியைப் புறப்படச் செய்யுமேயன்றி, நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களிலுமே உள்ளது. ஆகவே மழையில் மலைப்பாதையில் இறங்குவோர், இவ்வமைப்பை நம்பி வேகமாகச் செல்லுதல் ஆபத்து. எனினும் செங்குத்தான இறக்கத்தில் ‘லோ’ கியர் வண்டியை மெதுவாக இறக்கத் துணைபுரியும்.

சேற்றில் அச்சு வரை அமிழ்ந்துவிட்ட வண்டியை இவ்வமைப்பு மட்டும் மீட்காது. கரிசல் மண் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டால் நான்கு சக்கரங்களும் வீணே சுழலும். மேலும், வேண்டும்பொழுது மட்டும் இணைக்கும் வகையான வண்டிகளை உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டலாகாது. திருப்பங்களில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளுவதால், டயர்கள் தேய்வதுடன் பற்சக்கரங்களுக்கும் சேதம் நேரும்.

செலவு

விலை அதிகமென்பதோடு, வண்டியின் எடையும் கூடுவதால் டீசல் செலவும் சிறிது கூடும். முன் அச்சுக்கும் பகிர்வுப் பெட்டிக்கும் குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றவேண்டும். இச்செலவுகள், ஆண்டில் சில நாட்களே அவ்வமைப்பை உபயோகித்தாலும் ஆண்டு முழுவதும் உண்டு.

முதலில் செய்யத்தக்கவை

தேய்ந்த டயருடன் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டியைவிட, ஆழமான வெட்டுகளுள்ள நல்ல டயர்கள் பூட்டிய சாதாரண வண்டி பல இடங்களில் மேலாகும். ஒரு சக்கரம் வீணே சுழலும்பொழுது மற்றதற்கும் பலம் செலுத்தும் பூட்டு, பின் அச்சில் உள்ளதா என்றும் விசாரிக்கவேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கத்தக்கது மற்றொன்றுண்டு. பல ஊர்களில் வண்டிகள் சிக்குவது, நீர் தேங்கும் ஓரிரு பள்ளங்களிலேயே. அங்கு வடிகால் வெட்டிச் சரளை கொட்டினால், ஊரார் அனைவரின் வண்டிகளுக்கும் அது உதவும்.

யாருக்குத் தகும்?

நீலகிரி, கொடைக்கானல், கொல்லிமலை முதலிய இடங்களில் மண்பாதை வழியாக மழைநாட்களிலும் காய்கறி, காப்பி முதலியவற்றை இறக்குவோருக்கு இவ்வண்டி ஏற்றது. அங்கு ஒரு நாள் தாமதித்தாலும் பறித்த காய்கறி கெட்டு, அவ்வாரச் சந்தை தவறிப்போகும். காவிரி டெல்டாவிலோ, வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்ய, சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் பாதைகள் காய்ந்து வரும் காலத்தில் நடைபெறுகிறது. அப்பகுதியில் பலருக்குச் சாதாரண வண்டியே போதும்.

ஆகவே, வாங்குமுன் கடந்த ஆண்டில் எத்தனை நாள் வண்டி சிக்கியது, டிராக்டர் வைத்து இழுக்க என்ன செலவாயிற்று, தாமதத்தால் எவ்வளவு சரக்குக் கெட்டது என்பவற்றை எழுதிக் கூட்டிப் பார்க்கவேண்டும். அத்தொகை, அதிக விலையின் ஆண்டுத் தவணையையும் வட்டியையும் பராமரிப்பையும் விஞ்சுமானால் நான்கு சக்கர இயக்கம் சிலாக்கியமானது. விஞ்சாவிடில், அப்பணத்தை நல்ல டயருக்கும் நிலத்திற்கும் செலவிடுதலே விவேகம்.