உங்களுக்குத் தெரியுமா? கல்லூரியிலேயே கம்பெனி தொடங்கலாம்!

● புதுத் தொழில்களை வளர்த்துவிடும், கல்வி நிறுவனத்தோடு இணைந்த தொழில் வளர் காப்பகம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருச்சியில் 'ட்ரெக்-ஸ்டெப்' 1986-லேயே தொடங்கிவிட்டது.

● ஏத்தர் மின்ஸ்கூட்டர் நிறுவனம் சென்னை ஐ.ஐ.டி. காப்பகத்தில் வளர்ந்ததுதான்.

● 1929-இல் உருவான சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் காப்பகம் உண்டு. வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில் உள்ள அப்பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தது. அலங்கார மீன் சந்தையில் நல்ல கிராக்கி உள்ள மீன் அது; இப்படிப்பட்ட ஆய்வும் ஒரு தொழிலுக்கு விதையாகலாம்!

● காப்பகத்தில் கிடைப்பவை: இடம், ஆய்வக வசதி, ஆலோசனை, முதலீட்டாளர் அறிமுகம். தமிழக அரசின் 'டான்சீட்' திட்டம் தேர்வாகும் புத்தொழில்களுக்கு ஆரம்ப நிதி தருகிறது.

பண்ருட்டிப் பலாவிலோ முந்திரியிலோ புது யோசனை இருக்கிறதா? கடன் வாங்கும் முன் காப்பகத்தில் விசாரியுங்கள்.