மீன் தொட்டியில் கல் அரித்த கதை

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் நெருங்கிவிட்டதென்றால், 2,668 அடி உயரமுள்ள மலைக்குக் கொப்பரை ஏறுவதற்கு முன்பே வீடுகளில் சுத்தம் ஏறிவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்குச் செம்மண், பரண்மேல் கிடக்கும் பாத்திரத்துக்குப் புளி என்று ஆரம்பமாகும் வைபவம், கடைசியில் யார் கையில் என்ன அகப்படுகிறதோ அதைத் தேய்ப்பது என்பதில் வந்து முடியும். வருஷம் முழுவதும் நம்மை மறந்திருந்த பந்துக்கள் அத்தனை பேருக்கும் அந்த ஒரு தினத்தில்தான் நம் விலாசம் ஞாபகம் வருகிறது. அவர்கள் கண்ணில் ஒரு தூசி பட்டாலும் அது அடுத்த தீபம் வரையில் பேச்சாகிவிடும் அல்லவா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி மீன் தொட்டி இருக்கிறது. நீளம் இரண்டு அடி. அகலமும் உயரமும் ஓரடி. அதில் பதினொரு கப்பி மீன்களும் நான்கு மாலி மீன்களும் வாசம் செய்து வந்தன. சொந்தக்காரன் என் குமாரன், வயது பத்து. தீபத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்தத் தொட்டி என் கண்ணில் பட்டது. அடியில் பரப்பியிருந்த கூழாங்கற்களுக்கிடையே பழுப்பு நிறமாக ஏதோ படிந்திருந்தது. "இவ்வளவு அசுத்தத்தை வைத்துக்கொண்டு விருந்தினரை எப்படி வரவேற்பது?" என்று எனக்கு வீராவேசம் பிறந்துவிட்டது.

மீன்களை ஒரு வாளியில் விட்டேன். தொட்டி ஜலம் முழுவதையும் சாக்கடையில் கொட்டினேன். கற்களை வாரியெடுத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, மூன்று தரம் தேய்த்துக் கழுவினேன். கண்ணாடியைத் துடைத்தேன். நான்கு குடம் புது ஜலம் நிரப்பினேன். அந்தக் குடங்களைச் சுமந்தவள் என் மனைவி என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுவது நியாயம். தொட்டி ஸ்படிகம் போல் ஜொலித்தது. மறுநாள் வந்த விருந்தினர் எல்லோரும் அதைப் புகழ்ந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் பதினொரு கப்பிகளில் ஒன்பது மிதந்தன. மாலிகள் ஜலத்தின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பையன் அழவில்லை. "அப்பா, சுத்தம் பண்ணினால் செத்துப் போகுமா?" என்று மட்டும் கேட்டான். அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன். கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் புறப்பட்டதன் விளைவே இந்தக் கட்டுரை.

அழுக்கில் குடியிருந்தவர்கள்

மீன்கள் உண்பதிலும் கழிப்பதிலும் நம்மைப்போலத்தான். அவற்றின் கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் தங்கிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் விஷப் பொருள் ஜலத்தில் சேர்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் பெருவெள்ளம் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். இரண்டடித் தொட்டியில் அது எங்கே போகும்? அதைத் தின்று தீர்ப்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. ஒருவகைக் கிருமிகள் அம்மோனியாவை நைட்ரைட் என்ற பொருளாக்குகின்றன. அதுவும் மீனுக்கு விஷமே. இன்னொரு வகைக் கிருமிகள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகின்றன. இது அவ்வளவு கொடியதல்ல, செடிகளுக்கு உரம். இந்த வேலையைச் செய்வது உயிருள்ள நுண்கிருமிகளே என்பதை 1890-ஆம் வருஷத்தில் அவற்றைத் தனியே பிரித்தெடுத்து நிரூபித்தவர் ருஷ்ய விஞ்ஞானி ஸெர்கேய் வினோகிராட்ஸ்கி.

இதில் ஒரு விந்தை உண்டு. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன சாஸ்திரி, தங்க மீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, ஜலம் கெடாமல் அவை ஒன்றுக்கொன்று உதவி வாழ்வதை 1850-ல் எடுத்துக் காட்டினார். நாம் இன்று கூடத்தில் வைக்கும் மீன் தொட்டிக்கு அதுவே பிள்ளையார் சுழி. அவருடைய குமாரரும் ராபர்ட் வாரிங்டன்தான். ராதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் விதத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அவர். தகப்பனார் தொட்டியில் கண்ட வாழ்வின் மர்மங்களில் ஒன்றைத் தனயர் வயலில் தேடினார். நம் தேசத்தில் 1909-ஆம் வருஷத்திலேயே சென்னைக் கடற்கரையில் பொது ஜனங்களுக்காக ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. அந்தப் பழைய சாலை இன்று இல்லை. ஆனால் அலங்கார மீன் வியாபாரத்துக்குச் சென்னைக் கொளத்தூர் இன்று பேர் பெற்றிருக்கிறது. அங்கிருந்து புறப்படும் மீன்கள் எத்தனையோ ஊர்களில் வீட்டுக் கூடங்களை அடைகின்றன.

இனி என் வீரச் செயலுக்கு வருகிறேன். அந்தக் கிருமிகள் ஜலத்தில் மிதப்பது சொற்பம். கூழாங்கற்களின் மேல் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்வதே அதிகம். நான் வெந்நீர் ஊற்றியது அவற்றின் தலையில். மறுபடி அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரையில் அம்மோனியாவைத் தின்ன ஆளில்லை. மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்தன. தொட்டியோ கடைசி நிமிஷம் வரையில் ஸ்படிகம் போலவே இருந்தது!

அப்படியானால் கல்லைக் கழுவாமலே விட்டுவிடலாமா? அதுவும் ஆபத்தே. கற்களின் இடுக்கில் மக்கும் கழிவு மேலும் மேலும் அம்மோனியாவைக் கக்கும். ஜலத்திலுள்ள பிராணவாயுவையும் உறிஞ்சிவிடும். நம் ஊர்க் கோடையில் வெந்த ஜலத்தில் பிராணவாயு ஏற்கனவே குறைவு. ஆகவே அழுக்கு போகவேண்டும், கிருமிகள் நிற்கவேண்டும். இது எப்படி?

பாட்டி சொன்ன உபாயம்

இந்தப் பிரச்னையை நான் இரவு போஜன வேளையில் பிரசங்கம் போல் விவரித்தேன். என் தாயார் சாவகாசமாகக் கேட்டுவிட்டு, "ஏனப்பா, அரிசியில் கல் அரிப்பதற்கு அரிசியையா வேகவைப்பார்கள்?" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது வெட்கமாக இருந்தது. அரிசியைச் சட்டியிலிட்டு ஜலம் விட்டுச் சுழற்றினால், கனமான கல் அடியில் தங்குகிறது. இலேசான அரிசி ஜலத்தோடு அடுத்த சட்டிக்குப் போகிறது. தொட்டியிலும் அதே காரியந்தான். கனமான கூழாங்கல் தங்கவேண்டும். இலேசான அழுக்கு ஜலத்தோடு போகவேண்டும்.

நம் முன்னோர்களும் இதை அறியாதவர்களல்லர். பழைய ஏரிகளில் அவர்கள் அமைத்த குமிழித் தூம்பில் நீரோடித் துளை என்றும் சேறோடித் துளை என்றும் இருவகைத் துளைகள் உண்டு. மேலேயுள்ள நீரோடியால் பாசன ஜலம் இறங்கும். அடியிலுள்ள சேறோடியின் வழியே, ஜலத்தின் வேகத்திலேயே வண்டலும் இழுபட்டு வெளியே ஓடும். ஏரியை வற்றவைக்காமலே தூர் குறைக்கும் யுக்தி அது. நமக்கு வேண்டியது கைக்கு அடக்கமான ஒரு சேறோடி.

அரையணாச் செலவில்லாத யந்திரம்

கடைகளில் இதற்கென்று விலைக்குக் கருவி கிடைக்கிறது. வீட்டிலேயே பண்ணிக்கொள்ள வேண்டியவை இரண்டே பொருள்கள்: அரை லிட்டர் பிளாஸ்டிக் சோடாப் புட்டி ஒன்று, கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பதுபோன்ற, உள்ளே தெரியும் குழாய் ஐந்தாறு அடி. குழாயின் உள் விட்டம் அரை அங்குலம் இருந்தால் உத்தமம்.

புட்டியின் அடிப்பாகத்தை வெட்டி நீக்கிவிடுங்கள். வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுப்புங்கள். மூடியில், குழாய் இறுக்கமாக நுழையும்படி ஒரு துவாரம் செய்யுங்கள். குழாயின் முனையைச் சற்று வெந்நீரில் வைத்தால் இளகி, சுலபமாக நுழையும். மூடியைத் திருகிவிட்டால் யந்திரம் தயார்.

தொட்டி மேஜையின்மேல் இருக்கட்டும். வாளி தரையில் இருக்கட்டும். குழாயின் நுனியை வாளியில் விட்டு, புட்டியை அதன் அகன்ற வாய் மேல்நோக்க ஜலத்தில் அமிழ்த்தி நிரப்புங்கள். அப்படியே தொட்டியின் விளிம்புக்கு மேலே தூக்கினால், ஜலம் குழாயில் இறங்கிக் காற்றை வெளியே தள்ளும். புட்டி பாதி காலியாகுமுன் திரும்பவும் அமிழ்த்திக் கவிழ்த்துவிடுங்கள். பிறகு அது தானே ஓடும். தொட்டியின் ஜலமட்டத்தைவிடக் குழாயின் நுனி தாழ்ந்திருக்கும் வரையில் ஓட்டம் நிற்காது. வாயால் உறிஞ்சி ஆரம்பிக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. மீன் கழிவு ஜலத்தை ஒருமுறை ருசி பார்த்தவர்கள் இரண்டாம் முறை அவ்விதம் செய்வதில்லை.

கவிழ்ந்த புட்டியின் வாயைக் கற்களுக்குள் அழுத்துங்கள். கற்கள் துள்ளியெழும், அழுக்கு புகைபோலக் கிளம்பிக் குழாயில் ஏறிப் போகும், கற்கள் மட்டும் திரும்ப விழுந்துவிடும். இதில் மாயம் ஒன்றுமில்லை. புட்டியின் விட்டம் இரண்டரை அங்குலம். குழாயின் விட்டம் அரை அங்குலம். விட்டம் ஐந்து மடங்கு என்றால் பரப்பு இருபத்தைந்து மடங்கு. ஆகவே புட்டிக்குள் ஜலம் ஏறும் வேகம் குழாயில் ஓடும் வேகத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். அந்த மெதுவான ஓட்டத்துக்குக் கல்லைத் தூக்கச் சக்தியில்லை. அழுக்கைத் தூக்கச் சக்தியுண்டு. கல் மிகவும் மேலே வந்தால் குழாயின் நுனியைக் கட்டைவிரலால் அரை நிமிஷம் அடையுங்கள், இறங்கிவிடும். சின்னஞ்சிறு குஞ்சுகள் இருந்தால் புட்டியின் வாய்க்கு வலைத்துணி கட்டுவது அவசியம்.

ஒரு வாரத்தில் தரையில் பாதியை மட்டும் அரியுங்கள். மறு பாதி அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். கிருமிகளுக்கு எப்போதும் பாதி ஊர் பத்திரமாக இருக்கும்.

ஒரு குடம் போதும்

இரண்டடித் தொட்டியில், கல்லும் மேல் இடைவெளியும் போக, சுமார் ஐம்பது லிட்டர் ஜலம் இருக்கும். வாரம் ஒரு முறை அதில் நாலில் ஒரு பங்கு மாற்றினால் போதுமானது. அதாவது ஏறக்குறைய ஒரு குடம்! அந்த ஒரு குடம் ஜலத்தையே சேறோடிப் புட்டி அழுக்கோடு வெளியேற்றிவிடுகிறது. கல் கழுவுவதும் ஜலம் மாற்றுவதும் ஒரே காரியமாகிவிட்டன. முன்பு அரை நாள். இப்போது கால் மணி நேரம்.

"குறைந்த ஜலத்தை ஊற்றினாலே போதாதோ?" என்று சிலர் கேட்கலாம். போதாது. ஆவியாகிப் போவது ஜலம் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று ஜலத்தைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். கழித்தால்தான் குறையும்.

சாத்தனூர் அணையிலிருந்து வரும் குழாய் ஜலத்தில் உப்புக் குறைவு. ஆனால் நகர ஜலத்தில் நம் க்ஷேமத்துக்காகக் குளோரின் கலக்கிறார்கள். அது மீனின் செவுளையும் கல்லிலுள்ள கிருமிகளையும் ஒருங்கே தாக்கும். அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமானால், போட்டோ பிடிப்பவர்கள் உபயோகித்து வந்த ஹைப்போ உப்பில் மிளகளவு ஒரு குடத்துக்குப் போதும். சில நகரங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் சேர்க்கிறார்கள். அது திறந்து வைத்தால் போகாது. புது ஜலத்தின் சூடும் தொட்டி ஜலத்தின் சூடும் ஏறத்தாழச் சமமாயிருக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டியில் மத்தியானம் கொதித்த ஜலத்தை அப்படியே ஊற்றுவது பெரும் பிசகு. கற்களின்மேல் ஒரு பீங்கான் தட்டை வைத்து அதன்மேல் மெல்ல ஊற்றினால் தரை கலையாது.

புதிதாகக் கல் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. ஒரு கல்லின்மேல் எலுமிச்சம் ரசம் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல்; ஜலத்தை மேலும் கடினமாக்கும். கருங்கல் சரளைக்கு அந்தத் தோஷமில்லை. அரிசி களைவதுபோல், ஜலம் தெளியும் வரையில் களைந்து போட்டால் போதும். சோப்பும் சீயக்காயும் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் தீனி போடாதீர்கள். கோயில் குளத்தில் பொரி போடும் புண்ணியவான்களும் இதைக் கவனிக்கலாம். மீன் தின்னாத பொரி அழுகி, மீனின் மூச்சையே வாங்குகிறது.

துளசிக்குப் போகும் ஜலம்

வெளியேறும் பழுப்பு ஜலம் இப்போது சாக்கடைக்குப் போவதில்லை. அதிலுள்ள நைட்ரேட் செடிக்கு உணவாயிற்றே! துளசி மாடத்துக்குப் பாதி, கொல்லை வாழைக்குப் பாதி என்று என் தாயார் பங்கிட்டுவிட்டார். வீட்டுக்குப் புதிதாகச் சுமக்க வேண்டியது வாரத்துக்கு ஒரே குடம். அதையும் பையன்தான் சுமக்கிறான்.

மிஞ்சிய இரண்டு கப்பிகளும் நான்கு மாலிகளும், நாள்தோறும் சிறிது ஜலம் மாற்றியதாலும் தீனியைக் குறைத்ததாலும் பிழைத்துக்கொண்டன. இவ்வருஷத் தீபத்துக்குள் கப்பிகள் முப்பதுக்கு மேல் பெருகிவிட்டன. தொட்டி ஸ்படிகம் போல் இல்லை. கற்களின் மேல் இலேசான பசுமை படிந்திருக்கிறது. பையன் அதைத் துடைக்க யாரையும் விடுவதில்லை.

போன தடவை வந்த அதே மாமா இந்தத் தடவையும் வந்திருந்தார். பையன் கல் அரிப்பதை வெகு நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "இந்த யந்திரம் சீமைச் சரக்கோ? என்ன விலை?" என்று விசாரித்தார்.

"இல்லை, மாமா. போன தீபத்துக்கு நீங்கள் குடித்துவிட்டு வைத்துப் போனீர்களே, அந்தச் சோடாப் புட்டி" என்றான் பையன்.