கண்மணியின் அளவு

மார்கழி விடிகாலை. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே கிடக்கும் வாணர் தாம்போதியில் சைக்கிள்களைச் சாத்திவிட்டு நானும் மருமகனும் நின்றோம். இரு பக்கமும் பரவைக்கடல். களங்கண்டித் தடிகளில் ஆலாக்கள் குந்தியிருந்தன. அப்பால், நீர் வற்றிய சேற்றுத்திட்டில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் அசைந்தன. பறவைகள் என்று தெரிந்தது. எந்தப் பறவைகள் என்று தெரியவில்லை.

மருமகன் முதன்முதலாக ஒற்றைக்குழல் தொலைநோக்கி வாங்கப் பணம் சேர்த்திருந்தான். இரவல் வாங்கி வந்த ஒன்றை முக்காலியில் பூட்டிக்கொண்டே கேட்டான்: "மாமா, அறுவது மடங்கு பெருப்பிச்சுக் காட்டுறது தானே நல்லது?"

அவனுக்குச் சொன்ன விடை அன்று என்னையே வியக்க வைத்தது. தொலைநோக்கியை அளக்கும் கோல் கடையில் இல்லை. அது நம் முகத்திலேயே வைத்துப் படைக்கப்பட்டிருக்கிறது.

இரவல் குழலில் '20–60×65' என்று பொறித்திருந்தது. 65 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். அதை உருப்பெருக்கத்தால் வகுத்தால், பார்வைத்துண்டிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 25 மடங்கில் அது 2.6 மில்லிமீற்றர். 60 மடங்கில் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். இனி நம் கண்மணியைப் பாருங்கள். தீவுப்பகுதியின் பளிச்சென்ற பகலில் அது 2, 3 மில்லிமீற்றருக்குச் சுருங்கி நிற்கும். இருளில், இளவயதினருக்கு 7 மில்லிமீற்றர் வரை விரியும். யாரும் திருகாமல், யாரும் கேட்காமல், பிறந்த நாள் தொட்டு இந்த வேலை நடக்கிறது. கண்மணிக்கு நிறைவாக ஒளி தரும் குழலே நல்ல குழல். அதைவிட மெல்லிய கற்றை வந்தால் காட்சி பெரிதாகும், கூடவே மங்கும்.

கண்ணின் நுணுக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு பாகையை 60 கூறாக்கினால் வரும் ஒரு கலை அளவுவரை நலமான கண் பிரித்தறியும். 25 மீற்றர் தூரத்தில் அது 7 மில்லிமீற்றர். கைத்துப்பாக்கியால் இலக்குச் சுடும் போட்டிகளில் பயன்படும் .22 ரவை துளைக்கும் ஓட்டையோ 5.6 மில்லிமீற்றர்தான். அந்தச் சிறு குறைவுக்காகத்தான் அவ்விளையாட்டு வீரர்கள் மேசையில் இதே ஒற்றைக்குழலை வைத்திருக்கிறார்கள். எங்கள் சேற்றுத்திட்டு 300 மீற்றர் தொலைவில் இருந்தது. அங்கே 9 சென்ரிமீற்றருக்குக் குறைந்த எதுவும் வெறுங்கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. 25 மடங்கில் அந்த 300 மீற்றர் 12 மீற்றராகச் சுருங்குகிறது.

மருமகன் குனிந்து பார்த்தான். புள்ளிகள் பறவைகளாயின. சற்றே மேல்நோக்கி வளைந்த நீண்ட அலகு, வாலில் குறுக்குக் கோடுகள்: பட்டைவால் மூக்கன்கள். வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் குஞ்சு பொரித்து, பனிக்கு முன் தெற்கே இறங்கி வரும் இனம். 2022இல், பிறந்து ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றரை 11 நாளில் பறந்து கடந்தது. இடையில் ஓரிடத்திலும் இறங்கவில்லை, ஒரு வாய் இரை எடுக்கவில்லை. வழிகாட்டத் தாய் தந்தையும் கூட வருவதில்லை. அந்த வழியை அந்தச் சிறு தலைக்குள் எழுதிய கையை நினைத்தால் நெஞ்சு தானாகக் குனிகிறது.

"குறிகட்டுவானிலை வள்ளத்துக்கை இருந்தும் இதாலை பாக்கலாமோ?" என்றான். முடியாது. நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ போகும் வள்ளத்தில் கை நடுங்கும் ஒவ்வொரு நடுக்கத்தையும் குழல் 25 மடங்காக்கும். அங்கே 8 மடங்கு இருகண் நோக்கியே உதவும். ஒற்றைக்குழலுக்கு உறுதியான முக்காலி வேண்டும். குழலுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை முக்காலிக்கும் கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் அதே வள்ளத்தில், அலைக்கு அலை தலை ஆடியபடி, கரையிலுள்ள கோபுரத்தை நாம் தெளிவாகத்தானே பார்க்கிறோம்! காதுக்குள்ளே மூன்று அரைவட்டக் கால்வாய்கள் மூன்று திசைகளில் அமைந்திருக்கின்றன. தலை அசைந்ததும் அவற்றிலுள்ள திரவம் செய்தி அனுப்ப, கண்கள் எதிர்த்திசையில் அதே அளவு திரும்பிக் காட்சியை நிலைநிறுத்துகின்றன. நமக்குள்ளும் ஒரு முக்காலி வைத்தே அனுப்பியிருக்கிறான் படைத்தவன்.

நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் வழிமறித்த ஐதிகம் தீவார் எல்லோருக்கும் தெரியும். கருடனாக நாம் கும்பிடும் செம்பருந்து இன்றும் அந்தக் கடல்மேல் வட்டமிடுகிறது. மனிதக் கண்ணின் விழித்திரையில் கூர்பார்வைக் குழி ஒன்றே. பருந்தினங்களின் கண்ணிலோ அது இரண்டு. முன்னே பார்க்க ஒன்று, பக்கவாட்டில் தொலைவைத் துழாவ ஒன்று. கழுகுகளுக்கு நம்மைவிட இரு மடங்குக்கும் கூடிய கூர்மை. நாம் காசு சேர்த்து வாங்குவதைக் கழுகு முட்டையிலிருந்தே கொண்டுவருகிறது.

எட்டு மணியானதும் சேறு சூடேறியது. மருமகன் 60 மடங்குக்குத் திருகினான். பறவைகள் கானலில் நெளிந்து கரைந்தன. காற்றும் ஒரு வில்லைதான், அது நம் சொல் கேட்காது. அவன் தானாகவே 25க்குத் திரும்பினான்.

ஆகவே அவனுக்குச் சொன்னது இவ்வளவே. சைக்கிளிலும் வள்ளத்திலும் கொண்டுபோக 65 மில்லிமீற்றர் போதும். உப்புக்காற்றும் ஈரமும் புகாதபடி நைதரசன் அடைத்த குழலாக இருக்கட்டும். பார்வைத்துண்டு 45 பாகை சாய்ந்திருந்தால் நெட்டையும் குட்டையும் ஒரே முக்காலியில் மாறிமாறிப் பார்க்கலாம். என்னைப்போல் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணை 15 மில்லிமீற்றராவது தள்ளி வைத்தும் முழு வட்டமும் தெரிய வேண்டும். வாங்குமுன் விடிகாலையில், வெளியில், ஒரு பறவையைப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

அவன் பாதியும் கேட்டிருக்கமாட்டான். கண்ணைக் குழலிலிருந்து எடுக்கவேயில்லை. நெடுநேரம் கழித்து, கோயிலுக்குள் பேசுகிறவன்போல் மெல்லச் சொன்னான்:

"மாமா... அது கண் சிமிட்டுது."