டிசம்பர் 9 என்ன நாள், தெரியுமா?

பதுளைப் பிள்ளைகளுக்குக் காற்றே ஒருநாள் லீவு வாங்கிக் கொடுத்தது, தெரியுமா? 2022 டிசம்பர் 9! வங்கக் கடலில் மண்டோஸ் புயல் சுழன்ற நேரம், இந்தியப் பக்கத்துப் புகையும் தூசும் கடல் தாண்டி வந்து இலங்கைமேல் கவிந்தன. நாடு முழுக்க அரசுப் பாடசாலைகளுக்குப் பூட்டு. புகையிடம் பாஸ்போர்ட் கேட்பது யார்!

இன்னொரு டிசம்பர் 9 இருக்கிறது. 1921-இல் அன்றுதான், பெற்றோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் 'தட்டாது' என்று அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். நம்ம எல்ல ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் அதே வயசு! பாலம் அசையாமல் நிற்கிறது. ஈயப் பெற்றோல் இலங்கையை விட்டுப் போனது 2002-இல். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா விட்டது 2021-இல்.

இலங்கையில் சுற்றாடல் சட்டம் வந்தது 1980-இல் என்றாலும், காற்றுக்கு 2008 போல ஒரு வருஷம் வேறில்லை. டூ-ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதிக்குத் தடை (பெற்றோலோடு எண்ணெயையும் எரித்து, ஏற்றத்தில் நீலப் புகை கக்குமே, அதுதான்). வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ். தலைமுடியில் முப்பதில் ஒரு பங்கு பருமனுள்ள பிஎம் 2.5 துணிக்கைக்கும் முதன்முதலாக எல்லை: கனமீற்றருக்கு வருடச் சராசரி 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவோ வெறும் 5!

ஊவாக் காற்று வாசமும் தரும், தெரியுமா? ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் வாடும் கொழுந்தில் மெத்தில் சலிசிலேட் கூடுகிறது. சுளுக்குத் தைலத்தில் மணக்கும் அதே பொருள். ஊவாத் தேயிலையின் பேரே அதில்தான். பதனைப் புல்லில் தீ பிடித்து மலை புகைவதும் அதே மாதங்களில்.

தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கு 2019-இல் ஒழுங்குவிதி வந்தது. லயத்து அடுப்புக்கு? கவ்வாத்து வெட்டிய மிலாறைக் கட்டித் தலையில் சுமந்து வந்து, சின்னக் காம்பராவுக்குள் ஊதி ஊதி எரிக்கிறார்கள். 2022 காஸ் தட்டுப்பாட்டில் கொழும்புக்காரர்களே விறகு தேடினார்கள். தோட்டத்தில் அது தினசரிச் சமாச்சாரம். ஓட்டோவுக்கு வருஷம் ஒரு புகைப் பரிசோதனை உண்டு. அடுப்புக்கு அதுவும் இல்லை. நம்பாவிட்டால் அதற்கு மேலே இருக்கிற கூரைத் தகரத்தைத் தடவிப் பாருங்கள், விரலெல்லாம் கரி!