மக்காச்சோளத்துக்கு யார் விலை சொல்வது?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் மீஞ்சூரைத் தாண்டினால் அனுப்பம்பட்டு, அதற்கடுத்தது பொன்னேரி. கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. நெல்லும் மீனும்தான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. மக்காச்சோளம் இங்கே பெரிய பயிர் இல்லை. ஆனாலும் இந்த ஊர்க் கடைக்கு வரும் முட்டையின் விலையிலும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கோழியின் விலையிலும் பெரம்பலூர், விளாத்திகுளம் மானாவாரிக் காடுகளுக்குப் பங்கு உண்டு. கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம்.

பொன்னேரிப் பக்கத்து நெல் விவசாயிக்குக் குறைகள் நிறைய. கொள்முதல் நிலையம் திறக்கத் தாமதம், சாக்குத் தட்டுப்பாடு, ஈரப்பதம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது என எல்லாம் உண்மை. ஆனாலும் அவருக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்று ஒன்று இருக்கிறது. 2025-26 பருவத்தில் மத்திய அரசின் ஆதார விலையோடு மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். வெளி வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டால், 'நான் அங்கே போட்டுக்கொள்கிறேன்' என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது.

மக்காச்சோள விவசாயிக்கு அந்த இடம் இல்லை. அவருக்கும் ஆதார விலை உண்டு. 2018-19இல் 1,700 ரூபாயாக இருந்தது படிப்படியாக உயர்ந்து 2025-26இல் 2,400 ஆனது. ஆனால் அந்த விலைக்கு வாங்கிக்கொள்ள, நெல்லுக்கு இருப்பது போன்ற அரசுக் கொள்முதல் தமிழ்நாட்டில் இந்தப் பயிருக்கு இல்லை. விலை அறிவிப்பு டெல்லியில் நடக்கிறது. வாங்குவது தீவன ஆலையும் கமிஷன் மண்டியும்.

தமிழ்நாட்டில் சுமார் 4 லட்சம் ஹெக்டேரில் இந்தப் பயிர் நிற்கிறது. பெரம்பலூர், அரியலூர், சேலம், கள்ளக்குறிச்சி, திண்டுக்கல், உடுமலைப் பகுதி, தெற்கே தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் பூமி என்று பரவியிருக்கிறது. பருத்தியும் கம்பும் வெள்ளைச்சோளமும் நின்ற நிலங்கள் பலவும் இன்று மக்காச்சோளக் காடுகள். காரணம் எளிது. பருத்தி எடுக்க ஆள் கிடைப்பதில்லை. மக்காச்சோளத்தைப் புரட்டாசி மழைக்கு விதைத்தால் நூறு நூற்றிப்பத்து நாளில் முடிந்துவிடும்; கதிரடிக்க இயந்திரம் வந்துவிட்டது. வாங்கக் கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல் இருக்கிறது, பல்லடம் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் விவசாயிகள் இந்தப் பயிருக்கு வந்தார்கள்.

2018இல் படைப்புழு வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அதே ஆண்டுப் பருவத்தில் தமிழ்நாட்டுக் கொல்லைகளைத் தின்றது. இந்தப் புழுவை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இலையின் மேல் சின்னச் சின்ன வெள்ளைச் சுரண்டல். நாலைந்து நாளில் வரிசையாக ஓட்டைகள். குருத்தைப் பிரித்துப் பார்த்தால் ஈர மரத்தூள் போலக் கழிவு, அதற்கு அடியில் புழு. தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். பகலில் குருத்துக்குள் ஒளிந்துகொள்வதால் மேலாக அடிக்கும் மருந்து அதைத் தொடுவதே இல்லை. காலையிலோ மாலையிலோ ஒவ்வொரு குருத்துக்குள்ளும் இறங்கும்படி அடிக்க வேண்டும். ஆள் உயரம் வளர்ந்துவிட்ட பயிருக்குள் அது நடக்கிற காரியமா?

அந்தப் பருவத்துக்கு மாநில அரசு சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு அரசே முன்நின்று மருந்து தெளிக்கவும் ஏற்பாடு செய்தது. கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு இடுவது, விதைநேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, வரப்போரம் தட்டைப்பயறு, ஊடுபயிராக உளுந்து என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தது. அதைச் செய்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் விதை, மருந்து, தெளிப்புக்கூலி என்று செலவு ஏறியது ஏறியதுதான். அதன் மேல் காட்டுப்பன்றி. பால் பிடிக்கும் கதிரை ஓர் இரவில் உழுதுவிட்டுப் போகும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அனுமதித்தது. விவசாயிக்கு ராத்திரிக் காவல் மட்டும் இன்னும் குறையவில்லை.

இத்தனையும் தாண்டி விளைந்தது களத்துக்கு வருகிறது. களம் இல்லாத ஊரில் தார்ச்சாலைதான் களம். வியாபாரி வருகிறார். குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுக்கிறார், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார், 'ஈரமா இருக்கேண்ணே' என்கிறார். 14 சதவீத ஈரப்பதம் இருக்க வேண்டும் என்பது தீவன ஆலையின் கணக்கு. ஈரம் கூடினால் பூஞ்சை பிடித்து நஞ்சாகிவிடும் என்பது நியாயமான காரணமும்கூட. ஆனால் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை அளக்கும் கருவி பெரும்பாலும் விவசாயி கையில் இல்லை. ஈரத்துக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு மிஞ்சுவதே அவருடைய விலை. மேகம் கறுத்தால் அதுவும் இறங்கும்.

2025இல் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சில மாவட்டங்களில் மக்காச்சோளத்துக்கு 1 சதவீதச் சந்தைக் கட்டணம் விதிக்கப்பட்டது. சட்டப்படி அதைக் கட்ட வேண்டியவர் வாங்குகிற வியாபாரி. ஆனால் வியாபாரி அதைத் தன் லாபத்திலிருந்தா கட்டுவார்? கொள்முதல் விலையில்தான் குறைப்பார் என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். ஊர் ஊராகக் குரல் எழுந்தது. அரசு அந்தக் கட்டணத்தை விலக்கிக்கொண்டது. மக்காச்சோளம் என்ற பயிரின் பெயரால் விவசாயிகள் திரண்டால் அரசு கேட்கும் என்பதற்கு அது சான்று. போராட்டம் முடிந்ததும் அந்தத் திரட்சி கலைந்தது என்பதுதான் என் வருத்தம்.

ஏனென்றால் எதிர்ப்பக்கம் கலைவதே இல்லை. முட்டை விலையைத் தரகர்கள் தீர்மானித்த காலத்தில், கோழிப்பண்ணையாளர்கள் நட்டத்தில் தவித்தார்கள். 1982இல் பி.வி. ராவ் முன்நின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கினார். என் முட்டைக்கு நான்தான் விலை சொல்வேன் என்பதே அந்த அமைப்பின் அடிப்படை. இன்று நாமக்கல் மண்டலத்தில் அந்தக் குழு அறிவிக்கும் விலை நாளிதழில் வருகிறது. பல்லடத்தில் கறிக்கோழிக்கும் ஓர் ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவிக்கிறது. இதில் தவறு எதுவும் இல்லை. பாராட்ட வேண்டிய காரியம். அந்தக் கோழி தின்னும் தானியத்தை விளைவிப்பவருக்கு மட்டும் அப்படி ஒரு குழு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டு விவசாயிகளுக்குத் தலைமை இல்லாமல் போகவில்லை. வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு 1970களில் மின்கட்டண உயர்வுக்கு எதிராக நடத்திய போராட்டங்கள் அரசை அசைத்தன. 1972இல் கோவை வீதிகளில் மாட்டுவண்டிகள் நிறைந்தன. உழவர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். 1984 டிசம்பரில் அவர் காலமானது கோவில்பட்டியில். அந்த வட்டாரமே இன்று மக்காச்சோள பூமி. அந்த இயக்கம் பெற்றுத்தந்த பெரிய பலன் கிணற்று மோட்டாருக்கான இலவச மின்சாரம். ஆனால் மானாவாரி விவசாயிக்குக் கிணறே இல்லை. கடன் தள்ளுபடி, மின்சாரம், கரும்பு நிலுவை, காவிரி நீர் என்று சங்கங்கள் இன்றும் பேசுகின்றன, பேசவும் வேண்டும். மக்காச்சோளம் அந்தப் பட்டியலின் கடைசியில்கூட நிலையாக இல்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே மக்காச்சோள விவசாயிகளின் தேசியச் சங்கம் 1957இல் தொடங்கியது. பல மாநிலங்களில் விற்கும் ஒவ்வொரு புஷலுக்கும் (அது அங்குள்ள தானிய அளவு) சிறு தொகை பிடிக்கப்படுகிறது. அதைச் செலவிடும் வாரியத்தில் உட்காருபவர்கள் விவசாயிகள். ஆராய்ச்சி, ஏற்றுமதிச் சந்தை, எத்தனால் கொள்கை எல்லாவற்றிலும் அவர்கள் குரல் இருக்கிறது. இங்கே 1 சதவீதத்தை எதிர்த்த விவசாயிக்கு, அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க ஒரு நாற்காலிகூட இல்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்க வணிக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக், 140 கோடி மக்கள் உள்ள இந்தியா தங்கள் மக்காச்சோளத்தில் ஒரு புஷல்கூட வாங்குவதில்லை என்று வெளிப்படையாகவே குறைப்பட்டார். அவர்களுக்காக அமைச்சரே பேசுகிறார். அங்கே விளைவதில் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது. இந்தியா அதைப் பயிரிட அனுமதிக்கவில்லை. நாளை இறக்குமதிக் கதவு திறந்தால் முதலில் அடிபடுவது பெரம்பலூர்.

நடுவில் எத்தனால் வந்தது. பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கும் இலக்குக்காக ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்கின. 2023-24இல் எத்தனாலுக்குப் பயன்பட்ட மூலப்பொருள்களில் மக்காச்சோளமே முதலிடம் பிடித்தது. விலை ஏறியது. உடனே தீவன ஆலைகள் வரியில்லா இறக்குமதி கேட்டு டெல்லியில் மனு கொடுத்தன; ஆலையின் தரப்பைச் சொல்ல ஆலைக்கு ஆள் இருக்கிறது. பிறகு காற்று திரும்பியது. 2025 நவம்பரில் கர்நாடகத்தின் ஹாவேரி, கதக் பக்கம் விலை ஆதார விலைக்குப் பல நூறு ரூபாய் கீழே விழுந்து, விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். அம்மாநில முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கர்நாடகத்தில் விழுந்தால் நாமக்கல்லில் விழ எத்தனை நேரம்? அங்கிருந்து வரும் லாரிதானே இங்கே விலையைச் சொல்கிறது.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை மீனவர்கள் தங்களுக்குள் முறைவைத்துத் தீர்மானித்துக்கொள்கிறார்கள். அதிலும் விடுபட்டவர்களின் மனக்குறை உண்டு, குப்பங்களுக்கு இடையே சண்டையும் உண்டு. இருந்தாலும் அதிகம் படிக்காதவர்கள், வசதி இல்லாதவர்கள், அரசு ஆணை எதுவும் இல்லாமல் தங்கள் தொழிலைத் தாங்களே ஒழுங்குசெய்யும் ஏற்பாடு அது. 4 லட்சம் ஹெக்டேர் பயிர் வைப்பவர்களால் அது முடியாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஒரு பிர்க்காவில் விளைவிப்பவர்கள் சேர்ந்து ஈரமானி ஒன்று வாங்கிவைக்கட்டும். இந்த விலைக்குக் கீழே யாரும் எடைபோட மாட்டோம் என்று பேசிக்கொள்ளட்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உள்ள ஊரில் அதன் கிடங்கிலேயே இருப்பு வைக்கட்டும். மாநில அளவில் மக்காச்சோளத்துக்கென்று ஒரு விவசாயிகள் குழு வரட்டும். நாமக்கல் முட்டை விலை வரும் அதே பக்கத்தில் அதன் விலையும் வரட்டும். அரசு செய்ய வேண்டியது ஒன்று: அறுவடை தொடங்கும் முன்பே பெரம்பலூரிலும் உடுமலையிலும் விளாத்திகுளத்திலும் ஆதார விலைக்கு வாங்கும் கொள்முதல் நிலையங்களைத் திறப்பது. நெல்லுக்குச் செய்வதைத்தான் இதற்கும் கேட்கிறோம்.