நியூயார்க் முதல் சிகாகோ வரை: கறுப்பின மக்களின் வாக்கு யாருக்கு?

2025 நவம்பர் 4 அன்று ஸொஹ்ரான் மம்தானி நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, 'அந்நகரின் முதல் முஸ்லிம் மேயர்' என்ற செய்தியோடு நம்மில் பலர் நிறுத்திக்கொண்டோம். அதற்குப் பின்னால் நாம் கவனிக்கத் தவறிய ஒரு விஷயம் உண்டு. அதே ஆண்டு ஜூனில் நடந்த ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பல பகுதிகள் அவரை ஆதரிக்கவில்லை. முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவுக்கே வாக்களித்தன. நவம்பரில் அப்பகுதிகள் பெருமளவில் மம்தானியின் பக்கம் திரும்பின. என்ன நடந்தது?

அமெரிக்கப் பெருநகரங்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் கோட்டைகள். எனவே அங்கே உண்மையான போட்டி பல நேரங்களில் கட்சிக்குள்ளேயே, முற்போக்காளர்களுக்கும் மிதவாதிகளுக்கும் இடையில் நடக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் இயல்பாகவே முற்போக்காளர்களின் பக்கம் நிற்பார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். தேர்தல் முடிவுகள் அப்படிச் சொல்லவில்லை.

2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டார். மறு ஆண்டு, காவல்துறைக்குப் பதிலாகப் புதிய பொதுப் பாதுகாப்புத் துறையை உருவாக்கும் திட்டம் அந்நகர மக்களின் வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 56 சதவீதம் பேர் அதை நிராகரித்தனர். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் வடக்குப் பகுதியிலும் எதிர்ப்பே மேலோங்கியது. காவலரின் அத்துமீறலை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று இதற்குப் பொருளல்ல. துப்பாக்கிச் சத்தம் கேட்பதும் அவர்களுடைய தெருக்களில்தான். காவல்துறை நியாயமாகவும் நடக்க வேண்டும், அழைத்தால் வரவும் வேண்டும் என்ற இரண்டையும் அவர்கள் ஒருசேரக் கேட்டார்கள்.

அதே 2021இல் நியூயார்க்கில் முன்னாள் காவல் அதிகாரி எரிக் ஆடம்ஸ் இந்த இரண்டையும் பேசினார். அவரும் கறுப்பினத்தவர். முற்போக்காளர்களின் ஆதரவு பெற்ற மாயா வைலியும் கறுப்பினத்தவர்தான். தென்கிழக்கு குயின்ஸ், மத்திய புரூக்ளின் பகுதிகளின் கறுப்பின வாக்காளர்கள் ஆடம்ஸையே தேர்ந்தெடுத்தனர்.

பாதுகாப்பு மட்டுமே காரணமல்ல. வங்கிகள் பல பத்தாண்டுகள் கடன் மறுத்த நிலையிலும் பாடுபட்டு வீடு வாங்கிய தலைமுறை அது. அந்த வீடே அவர்களின் சேமிப்பு. பெரிய மாற்றத்தை வாக்களித்து ஏமாற்றியவர்களையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே புதியவரை விட, தேவாலயத்திலும் தெருவிலும் நீண்ட காலம் பழகியவரை நம்புகிறார்கள். வாடகை வீட்டில் வாழும் இளைஞர்களின் கணக்கு வேறு. அவர்களில் பலர் ஜூனிலேயே மம்தானிக்கு வாக்களித்தனர்.

முற்போக்காளர்கள் வென்ற இடங்களும் உண்டு. 1983 மேயர் தேர்தலுக்கு முன் சிகாகோவில் பெருந்திரளான கறுப்பின மக்கள் புதிதாக வாக்காளர்களாகப் பதிவு செய்யப்பட்டனர். அவர்களோடு லத்தீன் மக்களும் வெள்ளையர்களில் ஒரு பகுதியினரும் சேர, ஹெரால்ட் வாஷிங்டன் அந்நகரின் முதல் கறுப்பின மேயரானார். 2023இல் அதே நகரில், முதல் சுற்றில் கறுப்பினப் பகுதிகள் பெரும்பாலும் அப்போதைய மேயர் லோரி லைட்ஃபுட்டை ஆதரித்தன. அவர் தோற்று வெளியேறிய பின், ஆசிரியர் சங்கத்திலிருந்து வந்த பிராண்டன் ஜான்சனுக்கு அப்பகுதிகள் திரண்டு வாக்களித்தன. காவல்துறை நிதியைக் குறைக்கப் போவதில்லை என்று அவர் உறுதியளித்திருந்தார். பள்ளிகள், மனநல மையங்கள், இளைஞர்களுக்கு வேலை என்று அந்த மக்களின் தேவைகளையும் பேசினார். ஏறத்தாழ 52 சதவீத வாக்குகளில் வென்றார்.

மம்தானியும் ஜூனுக்குப் பிறகு கறுப்பினத் தேவாலயங்களுக்குத் தொடர்ந்து சென்றார். காவல்துறை பற்றித் தாம் முன்பு பயன்படுத்திய கடுமையான சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டார். வாடகை, பேருந்துக் கட்டணம், குழந்தைப் பராமரிப்புச் செலவு பற்றிப் பேசினார். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் என்ற தகுதியும் அவருக்குக் கைகொடுத்தது.

'முஸ்லிம் வாக்கு' என்று நம் அனைவரையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசும்போது நமக்கு வருத்தம் ஏற்படுகிறது. நம்மிலும் கடைக்காரர் இருக்கிறார், கூலித் தொழிலாளி இருக்கிறார், மகளின் படிப்பை நினைத்துக் கவலைப்படும் தாய் இருக்கிறார். கறுப்பின மக்களும் அப்படித்தான். தேடிச் சென்று, காது கொடுத்துக் கேட்டவர்களுக்கே அவர்களின் வாக்கு கிடைத்திருக்கிறது.