வாயில் காக்கும் மின்னணுவியல்

மதுரை மாநகரின் மதில்மேல் அமைந்திருந்த பொறிகளைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை வரிசைப்படுத்திக் கூறுகிறது. தானே வளைந்து அம்பெய்யும் விற்பொறி அவற்றுள் ஒன்று. காவலன் கண்ணயர்ந்தாலும் பொறி கண்ணயராது என்னும் எண்ணம் நம் முன்னோர்க்கும் இருந்தது என்பதற்கு இதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

அவ்வெண்ணம் இன்று முழு உருப்பெற்று நிற்கிறது. அணுமின் நிலையம், துறைமுகம், விமான நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, வங்கிக் கருவூலம் ஆகியவற்றுள் எதனுள்ளும் அடையாள அட்டையின்றி ஒருவர் நுழைதல் அரிது. நம் மாணவருள் பலர் இத்தகைய இடங்களுக்கே பணி தேடிச் செல்கின்றனர். நாள்தோறும் தாம் கடக்கப்போகும் கதவு எவ்வாறு இயங்குகிறது, அஃது எங்கே பிழைபடும் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று. ஆகவே தமிழ்த்துறை மலரில் இப்பொருளை எடுத்துக்கொள்ளுதல் பொருந்தாது என்று எவரும் கருதமாட்டார் என நம்புகிறோம்.

காவல் என்பது மூன்று செயல்களின் தொகுதி. அயலான் வந்ததை அறிதல் முதலாவது. உரியவரை மட்டும் உள்ளே விடுதல் இரண்டாவது. நிகழ்வதை உடனே உரியவர்க்கு அறிவித்தல் மூன்றாவது. இவற்றை முறையே உணரிகளும், நுழைவுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும், இருவழி வானொலியும் செய்கின்றன.

வேலியும் உணரியும்

வேலி திருடனைத் தடுத்துவிடும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் எந்த வேலியும் எவரையும் முற்றாகத் தடுப்பதில்லை. காலம் தாழ்த்துகிறது, அவ்வளவே. கம்பி வெட்டும் கருவி கையிலிருந்தால் வலைக்கம்பி வேலியை மிகச் சில நிமிடங்களில் திறந்துவிடலாம். எனவே காவல் வல்லுநர்கள் மூன்று சொற்களில் தம் கணக்கைப் போடுகின்றனர்: கண்டறிதல், காலந்தாழ்த்தல், எதிர்கொள்ளல். வேலியைத் தொட்ட ஒருவன் கருவூலத்தை அடைய 5 நிமிடம் ஆகும் என்று கொள்வோம். அவன் தொட்ட நொடியிலேயே எச்சரிக்கை மணி ஒலித்து, காவலர் 3 நிமிடத்தில் வந்து சேர்வாராயின் அவ்விடம் பாதுகாப்பானது. மணியோசையை நம்பலாமா வேண்டாமா என்று காவலர் மேலும் 3 நிமிடம் தயங்கி நின்றால், அந்த வேலி இருந்தும் இல்லாததே ஆகும்.

கண்டறியும் உணரிகள் பலவகைப்படும். மனித உடல் வெளிவிடும் வெப்பக் கதிர்களின் மாற்றத்தை அகச்சிவப்பு உணரி அறியும். எதிரெதிராக நிற்கும் இரு கம்பங்களுக்கிடையே பாயும் நுண்ணலையை ஒருவர் குறுக்கிட்டால் மற்றொரு வகை உணரி அறியும். வேலிக்கம்பியின் அதிர்வை உணர்வதும், மண்ணுக்கடியில் புதைத்த வடத்தின் மூலம் மேலே நடப்பவரை உணர்வதும் உண்டு. இவை அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. காற்றில் ஆடும் செடிக்கும், ஓடும் முயலுக்கும், பெருமழைக்கும் இவை மணியடித்துவிடும். பொய்யெச்சரிக்கை பெருகப் பெருக மெய்யெச்சரிக்கை மதிப்பிழக்கும். புலி வருகிறது என்று பலமுறை பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையை நாம் அனைவரும் அறிவோம். கருவியும் அச்சிறுவனைப் போல் ஆகிவிடக்கூடும்.

இஃது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்னும் ஊரில் ஒய்-12 என்னும் அணு ஆயுத வளாகம் உள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943-இல், யுரேனியத்தைச் செறிவூட்டுவதற்காகத் தொடங்கப்பட்ட இடம் அது. அங்கே செறிவூட்டப்பட்ட யுரேனியத்தைச் சேமித்து வைப்பதற்கென்று ஏறத்தாழ 55 கோடி டாலர் செலவில் புதிய கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டது. 2012 ஜூலை 28 அன்று விடியுமுன், மெகன் ரைஸ் என்னும் 82 அகவைக் கன்னித்துறவியும் அவருடைய தோழர் இருவரும் வேலிகளை வெட்டிக்கொண்டு அக்கட்டடத்தின் சுவர்வரை சென்றுவிட்டனர். அவர்கள் திருட வந்தவர்களல்லர்; அணு ஆயுத எதிர்ப்பாளர்கள். சுவரில் வாசகங்கள் எழுதினர், பதாகை கட்டினர், சுத்தியலால் தட்டினர்.

உணரிகள் உறங்கவில்லை, எச்சரிக்கை செய்தன. ஆனால் அவ்வளாகத்தில் பொய்யெச்சரிக்கை வாடிக்கையாகிவிட்டிருந்தது. உற்றுநோக்கியிருக்க வேண்டிய ஒளிப்படக்கருவிகள் சில, ஏறத்தாழ ஆறு திங்களாகப் பழுதுற்றுக் கிடந்தன. சுத்தியல் ஓசையைக் கேட்ட காவலர், பராமரிப்புப் பணி நடைபெறுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டனர். அமெரிக்க எரிசக்தித் துறையின் தலைமை ஆய்வாளர் அளித்த அறிக்கை இக்குறைகளை ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்கிறது. வந்தவர்கள் நல்லெண்ணம் உடையவர்களாக இருந்தது அந்நாட்டின் நற்பேறு என்றே கூறவேண்டும்.

அட்டையும் அடையாளமும்

இனி வாயிலுக்கு வருவோம். ஒருவர் தம்மை இன்னார் என்று மெய்ப்பிக்க மூன்று வழிகளே உள்ளன. தம்மிடம் உள்ள பொருளைக் காட்டலாம். தாம் மட்டும் அறிந்த மறைச்சொல்லைக் கூறலாம். தம் உடலையே சான்றாக்கலாம். சாவியும் அட்டையும் முதல் வகை. மறையெண் இரண்டாம் வகை. விரல்ரேகையும் கருவிழியும் மூன்றாம் வகை. காவல் மிகுந்த இடங்களில் இவற்றுள் இரண்டையேனும் சேர்த்துக் கேட்பது வழக்கம்.

படிப்பானருகே காட்டிய அளவில் கதவைத் திறக்கும் அட்டைகளுள் பலவற்றில் மின்கலம் இல்லை. சுவரில் பதித்த படிப்பான் தன்னைச் சுற்றி ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பழைய வகைகளில் அதன் அதிர்வெண் 125 கிலோஹெர்ட்ஸ். அட்டைக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் அப்புலத்திலிருந்து சிறிது மின்னாற்றலைப் பெறுகிறது. அவ்வாற்றலைக் கொண்டு அட்டையின் சில்லு விழித்தெழுந்து, தனக்குரிய எண்ணைச் சொல்கிறது. படிப்பான் அதனைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அனுப்ப, இந்த எண்ணுக்கு இந்தக் கதவு இந்நேரத்தில் திறக்கலாமா என்று அக்கருவி தன் பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது.

உலகெங்கும் பரவிய பழைய முறையில் அந்த எண் 26 இருமக் குறிகளால் ஆனது. இரண்டு குறிகள் பிழை காண்பதற்கு. எட்டுக் குறிகள் நிறுவனத்தைக் குறிப்பதற்கு. எஞ்சிய 16 குறிகள் அட்டைக்கு. இதனால் 256 நிறுவன எண்களும், ஒவ்வொன்றிலும் 65,536 அட்டை எண்களும் மட்டுமே அமையும். அந்த எண் மறைகுறியாக்கம் எதுவுமின்றிக் கம்பிவழியே செல்வதால் இடையில் ஒட்டுக்கேட்டல் எளிது. எளிய அட்டைகளைப் படியெடுத்தலும் எளிது. இங்குக் கதவு அறிவது மனிதரை அன்று, அட்டையையே என்பதை நாம் மறத்தலாகாது.

மறைகுறியாக்கம் உள்ள அட்டைகளும் முற்றிலும் காப்பானவை என்று சொல்வதற்கில்லை. 1994-இல் வெளிவந்த மைஃபேர் கிளாசிக் என்னும் சில்லு, இலண்டன் போக்குவரத்து அட்டையிலும் எண்ணற்ற அலுவலகக் கதவுகளிலும் இடம்பெற்றது. அதன் மறைகுறி முறையைத் தயாரிப்பாளர் இரகசியமாகவே வைத்திருந்தனர். திறவுகோலின் நீளமோ 48 இருமக் குறிகளே. 2008-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை உடைத்துக் காட்டினர். ஆய்வை வெளியிடத் தடை வேண்டி என்எக்ஸ்பி நிறுவனம் நீதிமன்றம் சென்றது. தீங்கு விளைவது கட்டுரையால் அன்று, குறையுள்ள சில்லைச் செய்து விற்றதால் என்று கூறி நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. ஆய்வாளர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்கத்தக்க தீர்ப்பு இது.

உடலையே சான்றாக்கும் முறையிலும் இருவகைப் பிழைகள் உண்டு. அயலானை உரியவர் என ஏற்றல் ஒன்று. உரியவரை அயலான் என மறுத்தல் மற்றொன்று. ஒன்றைக் குறைக்கப் புகுந்தால் மற்றொன்று கூடும். நாள் முழுதும் செங்கல் சுமந்து ரேகை தேய்ந்த தொழிலாளியின் விரலைப் படிப்பான் ஏற்க மறுப்பதும் உண்டு. மறைச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்றிக்கொள்ள இயலாது. ஆகவே இத்தகைய பதிவுகளைச் சேர்ப்போர்க்குப் பொறுப்பும் மிகுதி.

கதவு யாருக்காக?

நுழைவைக் கட்டுப்படுத்தும் கதவு, வெளியேறுதலையும் கட்டுப்படுத்தலாமா? இவ்வினாவுக்கு வரலாறு மிகக் கொடிய முறையில் விடை கூறியுள்ளது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. தொழிலாளர் துணிகளைத் திருடிச் செல்லாதபடி ஒரே வழியில் வெளியேறச் செய்து பைகளைச் சோதிப்பது அங்கு வழக்கம். அதற்காக ஒன்பதாம் தளத்தின் மற்றொரு படிக்கட்டுக் கதவு பூட்டப்பட்டிருந்தது. மாண்டோர் 146 பேர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். சில துண்டுத் துணிகளைக் காக்கப் பூட்டிய பூட்டு இத்தனை உயிர்களைக் கொள்ளை கொண்டது.

இன்றைய மின்பூட்டுகள் இப்பாடத்தை உள்வாங்கியவை. மின்சாரம் நின்றால் தானே திறந்துகொள்ளும் பூட்டு ஒருவகை. மின்சாரம் நின்றாலும் வெளியிலிருந்து திறக்கவொண்ணாதபடி பூட்டியே நிற்பது மற்றொரு வகை. மின்காந்தப் பூட்டு முதல் வகையைச் சார்ந்தது. மின்னோட்டம் அற்றதும் காந்தம் பிடியை விட்டுவிடும். மக்கள் வெளியேறும் வழிகளில் தீயறிவிப்பு மணியோடு இப்பூட்டுகளை இணைத்து வைப்பர். இரண்டாம் வகையிலும் உள்ளிருப்பவர் கைப்பிடியைத் திருப்பி வெளியேற இயலுதல் வேண்டும். பொருளைக் காக்கும் பூட்டு உயிரைச் சிறைப்படுத்தலாகாது என்பதே இதன் நெறி.

காற்றில் செல்லும் குரல்

மூன்றாவது செயலாகிய அறிவித்தலை இருவழி வானொலி செய்கிறது. மக்கள் இதனை வாக்கி-டாக்கி என்பர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர் முதுகில் சுமந்த எஸ்சிஆர்-300 என்னும் கருவி ஏறத்தாழ 16 கிலோ எடையுடையது. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற அதிர்வெண் பண்பேற்ற முறையில் அஃது இயங்கியது. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் கருவி அதனினும் தெளிவாகப் பேசுகிறது.

தொலைபேசியில் எண்களை அழுத்தி, மறுமுனையார் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். வானொலியிலோ ஒரு பொத்தானை அழுத்தியதும் அதே அலைவரிசையில் உள்ள அனைவரும் ஒருசேரக் கேட்பர். இடர் வேளையில் இவ்வேறுபாடு பெரிது. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசலாகாது என்பது இதன் ஒழுங்கு. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் சொல்லும் கெடும். எஃகும் கற்காரையும் அலைகளை மெலிவிக்கும். ஆதலால் உயர்ந்த கட்டடங்களில், ஓர் அலைவரிசையில் வாங்கிய குரலை மற்றோர் அலைவரிசையில் வலுவாக்கி அனுப்பும் மறுபரப்பியை நிறுவுவர். எரிவளி சூழ்ந்த ஆலைகளில் தீப்பொறி எழாதவாறு அமைந்த தனிவகைக் கருவிகளையே பயன்படுத்துவர்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வணிக மையத்தில் அத்தகைய மறுபரப்பி ஒன்று இருந்தது. வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் நின்ற தீயணைப்பு அதிகாரிகள் அதனைச் சோதித்தபோது அது வேலை செய்யவில்லை என்று முடிவு செய்தனர். அது பழுதுறவில்லை, அழுத்தியிருக்க வேண்டிய இரண்டாம் பொத்தான் ஒன்று அழுத்தப்படவில்லை என்று பின்னர் விசாரணை ஆணையம் தன் 2004-ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தது. அதே மறுபரப்பி தெற்குக் கோபுரத்தில் பயன்பட்டது. அன்று 343 தீயணைப்பாளர் உயிர்நீத்தனர். அத்தனை உயிரும் அவ்வொரு பொத்தானால் போயின என்று ஆணையம் கூறவில்லை. அலைவரிசை நெரிசல் முதலிய வேறு காரணங்களையும் அது சுட்டுகிறது. ஆயினும், உள்ள கருவியைப் பயன்படுத்தும் பயிற்சி கருவியளவே இன்றியமையாதது என்பது இதனால் பெறப்படும்.

முடிவாக

அரணுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதன் உயர்வையும் அகலத்தையும் உறுதியையும் கூறியபின், செயல்திறம் இல்லாதார் கையில் எவ்வளவு சிறந்த அரணும் அரணாகாது என்னும் கருத்தோடு அவ்வதிகாரத்தை முடிக்கிறார். ஓக் ரிட்ஜில் பழுதுற்றுக் கிடந்த ஒளிப்படக்கருவியும், நியூயார்க்கில் அழுத்தப்படாத பொத்தானும் அக்கருத்துக்கே உரை வகுக்கின்றன.

நம் கல்லூரி வாயிலில் நிற்கும் முதியவரிடம் கணிப்பொறி இல்லை. ஆயினும் முதலாண்டு மாணவன் எவன், மூன்றாமாண்டு மாணவன் எவன் என்று முகம் பார்த்தே அவர் அறிவார். அயலார் வந்தால் அன்போடு நிறுத்தி வினவுவார். பல்லாயிரவர் வந்துபோகும் வளாகத்தில் அவர் ஒருவரால் அவ்வாறு செய்ய இயலாது. அங்கே பொறி வேண்டும். ஆனால் பொறி அடித்த மணியைக் கேட்டு எழுந்து சென்று பார்ப்பதற்கு அவரைப் போன்ற ஒருவரும் வேண்டும். நாளை இத்தகைய வாயில்களில் பணியேற்கும் மாணவர்கள், மணி நூறுமுறை பொய்யாக ஒலித்திருந்தாலும் நூற்றோராம் முறையும் எழுந்து சென்று பார்ப்பவர்களாக விளங்குதல் வேண்டும் என்பதே நம் விழைவு.